மெடிக்கல் இமேஜிங்ல பிஎச்டி: ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமலே முடிக்கலாமோ?

மழைக்காலத்_தும்பி:

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சி அறிவியல்நகர்ல இஞ்சினியரிங் முடிச்சிட்டு இப்ப கோண்டாவில்ல வீட்டோட இருக்கிறன். பைனல் இயர் புரொஜெக்ற் கண் விழித்திரைப் படத்தில ரத்தக்குழாயளைப் பிரிச்செடுக்கிறது, எல்லாரும் பாவிக்கிற டிரைவ் (DRIVE) எண்ட பப்ளிக் டேற்றாசெற்தான், மொத்தமே 40 படம், அதில யூ-நெற் எண்ட, படத்தில வேண்டிய பகுதியைப் பிரிச்சுக் காட்டுற நெற்வேர்க் ஒண்டை ட்ரெயின் பண்ணி மார்க்ஸும் நல்லா வந்திட்டுது. ஆனா கண் டொக்டர் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை, அந்தப் படங்களை எந்தக் கமராவால ஏன் எடுத்தவை எண்டு வைவாவில கூட ஆரும் கேக்கேல்லை.

இதே துறையில பிஎச்டி செய்வம் எண்டு யோசிக்கிறன். ஒரு சேர் சொல்லுறார் இஞ்சயே பதிஞ்சிட்டு முதல் ஆறு மாசத்தில பப்ளிக் டேற்றாசெற் ஒண்டை இறக்கி மொடல் செய்து பேப்பர் போடு, மிச்சம் தன்ரபாட்டில வரும் எண்டு. வெளிநாட்டுக்கும் அப்ளை பண்ணு எண்டு சினேகிதி நிக்கிறாள். எங்க போறது எண்டதை விட எனக்கு வேற குழப்பம், உந்தத் துறையில பிஎச்டி மாணவரை உண்மையில என்னத்தில பழக்கவேணும்? பைதனும் ஜீபியுவும் காணுமோ? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ, நீளமா எழுதினாலும் இருந்து வாசிப்பன்.

தட்டாதெருத்_திண்ணை:

தாராளமாக் காணும் தங்கச்சி. எங்கட கொம்பனியில ரெண்டு பேர் உப்பிடித்தான் முடிச்சவை, ஒருத்தரும் ஸ்ரெதஸ்கோப்பைத் தொட்டுப் பாத்ததில்லை. டேற்றாசெற் நெற்றில கிடக்கு, கோட் கிற்ஹப்பில கிடக்கு, காகில்ல ஜீபியு சும்மா தாறான், பிறகென்னத்துக்கு ஆஸ்பத்திரி வாசல்ல போய் வரிசையில நிக்கிறியள்? சேர் சொல்லுறதைக் கேளுங்கோ, பேப்பர் இருந்தாத்தான் வேலை. லட்சியம் எல்லாம் பெர்மனண்ற் ஆனாப் பிறகு பாப்பம்.

வோக்சல்வேலன்:

திண்ணை அண்ணை உங்கட ரெண்டு பேரும் எந்த வருசம் முடிச்சவையோ தெரியாது, இப்ப அந்த வழியில போனா முட்டுச்சந்துதான். நான் இங்கிலாந்தில மூண்டாம் வருசம். யூ-நெற் வந்தது 2015, அதுக்குப் பிறகு அதில ஒரு அம்புக்குறியைக் கூட்டி ஒண்டைக் குறைச்சு வந்த பேப்பருக்குக் கணக்கில்லை. 2021ல ஹைடல்பெர்க் ஆக்கள் என்என்-யூ-நெற் எண்டு ஒண்டை நேச்சர் மெதட்ஸ் ஜேர்னல்ல போட்டினம், 23 டேற்றாசெற்ல ஓடினது, புது வடிவமைப்பு ஒண்டும் இல்லை, படத்தின்ர ஸ்பேசிங், சைஸ், இன்ரென்சிற்றியைப் பாத்து செற்றிங்ஸைத் தானே ஒழுங்காப் போடும், அவ்வளவுதான், அதிலயே கனக்கப் பேற்றை பெரிய பெரிய மொடலுகளை வெண்டிட்டுது. 2024ல மிக்காய் எண்ட மெடிக்கல் இமேஜிங் கொன்பரன்ஸ்ல அதே குழு திரும்ப வந்து, புதுசெண்டு சொன்ன கன மொடலுகள் பழைய யூ-நெற்றை ஒழுங்கா ட்யூன் பண்ணிப்போட்டு ஒப்பிட்டா முன்னுக்கு நிக்கேல்லை எண்டு காட்டினவை. இந்த நிலைமையில ஆறு மாசத்தில டேற்றாசெற்றை இறக்கிப் புது மொடல் எண்டு கொண்டுபோனா றிவியூவர் முதல் கேக்கிற கேள்வியிலயே படுத்திடும்.

அடுத்தது கொவிட் கதை. 2020ல நெஞ்சு எக்ஸ்ரே, சிடி பாத்துக் கொவிட் கண்டுபிடிக்கிறம் எண்டு உலகம் முழுக்க எழுதினவை. கேம்பிரிட்ஜ் ஆக்கள் தலைமையில ஒரு குழு அதுகளை எடுத்துச் சலிச்சு, தரம் பாத்து மிஞ்சின 62 ஆய்வை இருந்து வாசிச்சினம், 2021ல முடிவு வந்தது, ஆஸ்பத்திரியில பாவிக்கக்கூடிய மாதிரி ஒண்டுகூட இல்லை. காரணங்களில ஒண்டு கேட்டா சிரிப்பியள். கொவிட் இல்லாத ஆக்கள் எண்டு கனபேர் எடுத்த படம் சீனாவில ஒண்டில இருந்து அஞ்சு வயதுப் பிள்ளையளின்ர நிமோனியா எக்ஸ்ரே. கொவிட் உள்ள ஆக்கள் எல்லாம் பெரியாக்கள். அப்ப மொடல் பழகினது கொவிட்டை இல்லை, பிள்ளையோ பெரியாளோ எண்டதை. நெஞ்சுப்படம் பாக்கிற ஒருத்தரைப் பக்கத்தில இருத்தி அஞ்சு நிமிசம் காட்டியிருந்தா அந்த இடத்திலயே சொல்லியிருப்பார்.

பழைய_எக்ஸ்ரே:

பிள்ளை, நான் றேடியோகிராபரா இருந்து பென்சன் எடுத்தவன். கொம்பியூட்டர் எனக்குப் பெரிசாத் தெரியாது ஆனா படம் எடுக்கத் தெரியும், அதால எழுதுறன். சண்டைக்காலத்தில ஜெனரேற்றர் ஓடுற நேரத்துக்குள்ள படம் எடுத்து இருட்டறையில கழுவின ஆக்கள் நாங்கள், ஒரு பிலிம் பழுதாப் போனா அடுத்தது எப்ப வருமெண்டு தெரியாது, அப்ப ஒவ்வொண்டையும் யோசிச்சுத்தான் எடுப்பம்.

நெஞ்சுப்படம் எண்டு நீங்கள் ஒரே பெயரில சொல்லுறது ரெண்டு வகை. நடந்து வாற நோயாளியை நிப்பாட்டி நெஞ்சைத் தட்டோட அணைச்சுப் பின்னுக்கிருந்து ஆறடி தள்ளி எடுப்பம், அது பிஏ. எழும்ப ஏலாத ஆளுக்கு மெசினை வார்ட்டுக்கு உருட்டிக்கொண்டு போய்க் கட்டில்ல வச்சு முன்னுக்கிருந்து எடுப்பம், அது ஏபி. ஏபியில மெசின் கிட்ட நிக்கும், இதயம் தட்டில இருந்து தள்ளி இருக்கும், அதால இதயம் உள்ளதை விடப் பெரிசாத் தெரியும். ஆள் மூச்சை ஒழுங்கா இழுத்துப் பிடிக்காட்டி சுவாசப்பையின்ர அடிப்பக்கம் வெள்ளையாத் தெரியும், தெரியாதவன் பாத்தா நியூமோனியா எண்டுவான். கொஞ்சம் திரும்பிப் படுத்திருந்தா காறை எலும்பு ரெண்டும் சமனா நிக்காது, அதை வச்சே நாங்கள் கண்டுபிடிப்பம்.

இப்ப யோசியுங்கோ, கட்டில்ல எடுத்த படம் எல்லாம் கடும் வருத்தக்காரற்ற படம். உங்கட கொம்பியூட்டர் வருத்தத்தைப் பாக்குதோ இல்லாட்டி கட்டில்ல எடுத்த விதத்தைப் பாக்குதோ? எனக்கு அந்தக் காலத்திலயே உந்தக் கேள்வி கேக்க ஆள் கிடைக்கேல்லை.

வோக்சல்வேலன்:

ஐயா நீங்கள் கேட்டது அப்பிடியே ஆராய்ச்சியா வந்திருக்கு! 2018ல அமெரிக்காவில மூண்டு இடத்து நெஞ்சுப்படங்களை வச்சுப் பாத்தவை, நிமோனியா தேடப் பழக்கின நெற்வேர்க்குக்குப் படம் எந்த ஆஸ்பத்திரியில எடுத்தது எண்டதைக் கிட்டத்தட்டப் பிழையில்லாமச் சொல்ல ஏலுமா இருந்தது. நீங்கள் இடது வலதுக்கு வைக்கிற உலோக அடையாளம் இருக்கெல்லோ, அதின்ர மூலையைக்கூட மொடல் பாத்திருக்கு. ஒரு ஆஸ்பத்திரியில வருத்தக்காரர் கூட, மற்றதில குறைவு, அப்ப ஆஸ்பத்திரியை அடையாளம் கண்டாலே பாதி மார்க்ஸ். உள்ளுக்குள்ள சோதிச்சா நல்ல ஸ்கோர், வேற ஆஸ்பத்திரிப் படத்தைக் குடுத்தா விழுந்திடும்.

எங்கட இடத்தில புது மாணவருக்கு முதல் மாசங்களில மொடல் எழுத விடமாட்டினம். டைகொம் பைலைத் (ஸ்கான் படமும் நோயாளி விபரமும் சேர்ந்து வாற பைல்) திறந்து ஹெடர் வாசி, ஸ்லைஸ் தடிப்பு என்ன, வோக்சல் (முப்பரிமாணப் பிக்சல்) சைஸ் என்ன, ஒரே சிடியை நுரையீரல் தெரியிற விண்டோவிலயும் எலும்பு தெரியிற விண்டோவிலயும் வெளிச்ச அளவை மாத்திப் பார் எண்டுதான் தொடங்கும். சிடி அளவுகோலில தண்ணி பூச்சியம், காத்து மைனஸ் 1000 எண்டு தெரியாமச் சிடியை 0 இல இருந்து 255க்கு நசுக்கிப்போட்டு மொடல் வேலை செய்யேல்லை எண்டு வந்து நிண்ட ஆக்களைக் கண்டிருக்கிறன். பிறகு இடம் வலம். சிடியை டொக்டர்மார் கால்மாட்டில நிண்டு பாக்கிற மாதிரிப் பாப்பினம், நோயாளியின்ர வலது ஸ்கிரீன்ல இடப்பக்கம் நிக்கும், மூளை ஆராய்ச்சி சொவ்ற்வெயர் சிலது மாறிக் காட்டும். எம்ஆர்ஐ எடுக்கேக்க தலைக்கு ஒரு பக்கத்தில வைற்றமின் ஈ குளிசையை ஒட்டிவிடுறவை, படத்தில பளிச்செண்டு தெரியும், எந்தப் பக்கம் எண்டு சண்டை வராது.

தட்டாதெருத்_திண்ணை:

சரி சரி, ஆனா ஒண்டு சொல்லுறன். சிடி ஸ்கானைச் செய்து காட்டின ஹவுன்ஸ்ஃபீல்ட் ஈஎம்ஐ கொம்பனி இஞ்சினியர், பிஎச்டி இல்லை. அவரோட 1979ல நோபல் வாங்கின கோர்மக்கும் பிஎச்டி முடிக்கேல்லை. அப்ப நீங்கள் சொல்லுற பயிற்சி இல்லாமலே ரெண்டு பேர் உலகத்தை மாத்திப்போட்டினம். உதுக்குப் பதில் சொல்லுங்கோ பாப்பம்.

வெள்ளைக்கோட்டு_அக்கா:

பதில் லேசு. 1971 ஒக்ரோபர் முதலாம் திகதி முதல் நோயாளியை ஸ்கான் பண்ணினது லண்டன்ல அற்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில, பக்கத்தில நிண்டது அம்புரோஸ் எண்ட றேடியோலஜிஸ்ற், என்ன தெரியவேணும் எண்டு சொன்னதும் அவர். ஹவுன்ஸ்ஃபீல்டுக்குப் பட்டம் இல்லாட்டியும் ஆஸ்பத்திரி இருந்தது. எங்கட பெடியளுக்குப் பட்டம் இருக்கு ஆஸ்பத்திரி இல்லை. 🙂

நான் றேடியோலஜிஸ்ற். என்னட்டை இஞ்சினியரிங் மாணவர் வாறது எப்ப எண்டா எல்லாம் முடிஞ்சு லேபிள் வேணும் எண்டேக்கதான். "டொக்டர் இந்த ஐந்நூறு படத்தில கட்டியைச் சுத்தி வரைஞ்சு தாங்கோ" எண்டு பென்ட்றைவோட வந்து நிப்பினம், நான் என்ன வரையிற மெசினோ. கேள்வியைத் தெரிவு செய்யேக்க ஒருத்தரும் வாறேல்லை, அதான் எனக்குக் கோவம். ஒரு கட்டியை நான் வரைஞ்சதையும் என்ர கூட்டாளி வரைஞ்சதையும் ஒப்பிட்டா டைஸ் (ரெண்டும் எவ்வளவு ஒத்துப்போகுது எண்ட அளவு, முழுக்க ஒத்தா 1) 0.85தான் வருது எண்டு வையுங்கோ, அப்ப மொடல் 0.93 எடுத்தது எண்டு சந்தோசப்படுறதில என்ன இருக்கு? அது என்ர கைப்பழக்கத்தைப் பழகியிருக்கு, கட்டியை இல்லை. லேபிள் எண்டது ஒரு ஆளின்ர அபிப்பிராயம் எண்டு மாணவருக்குத் தெரியவேணும் எண்டா, றிப்போட்டிங் அறையில ஒரு மூலையில வந்து இருக்கவேணும். நாங்கள் எங்க தயங்குறம், எப்ப பழைய படத்தை எடுத்து ஒப்பிடுறம், எப்ப வார்ட்டுக்குப் போன் பண்ணி ஆளுக்குக் காய்ச்சல் இருக்கோ எண்டு கேக்கிறம். இதெல்லாம் டேற்றாசெற்றில வராது.

கணக்கும் படிப்பிக்கவேணும். ஆயிரம் பேரில ஒரு வீதம் ஆக்களுக்கு வருத்தம் எண்டு எடுங்கோ, பத்துப் பேர். மொடல் சென்சிற்றிவிற்றி (வருத்தக்காரரைப் பிடிக்கிறது) 90 வீதம், ஸ்பெசிபிசிற்றி (சுகமான ஆக்களைச் சரியா விடுறது) 90 வீதம். பத்தில ஒன்பதைப் பிடிக்கும், சரி. மிச்சம் 990 சுகமான ஆக்களில 99 பேருக்கு வருத்தம் எண்டு மணி அடிக்கும். 108 மணியில ஒன்பதுதான் உண்மை. கிளினிக்ல இருக்கிற டொக்டர் ரெண்டு கிழமையில அந்த மெசினை நிப்பாட்டிப்போட்டுத் தன்ர வேலையைப் பாப்பார். தீசிஸ்ல ஆனா 90 வீதம் எண்டு தடிச்ச எழுத்தில நிக்கும்.

தலைப்புக்கும் வெளிநாட்டைப் பாக்கத் தேவையில்லை. மாரி முடிய மார்கழி தையில டெங்கு வந்தா வார்ட் எப்பிடி இருக்கும் எண்டு இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆர் லீக் பண்ணத் தொடங்கினம், அதாவது ஆருக்கு ரத்தக்குழாயில இருந்து தண்ணி கசியுது எண்டு பாக்க அல்ட்ராசவுண்டில பித்தப்பைச் சுவர் தடிச்சிருக்கோ, வலது நுரையீரலுக்கு வெளிய தண்ணி நிக்குதோ, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில தண்ணியோ எண்டு தேடுவம். இரவு டியூட்டியில இருக்கிற சின்ன டொக்டருக்கு அதைப் பாக்கத் துணை செய்யிற ஒண்டு, அதுக்கு டேற்றாசெற் நெற்றில கிடையாது, நீங்கள்தான் சேர்க்கவேணும்.

சுண்ணாகம்_பவர்கட்:

எல்லாரும் மாணவரையும் சுப்பவைசரையும் போட்டுத் தாக்குறியள், சுப்பவைசர் பக்கத்தில நிண்டு நான் கொஞ்சம் சொல்லட்டோ. நான் படிப்பிக்கிற ஆள். பதவி உயர்வு பேப்பர் எண்ணிக்கையில, மாணவரின்ர ஸ்ரைபன்ட் குறிச்ச காலத்துக்கு, அதுக்குள்ள எதிக்ஸ் கொமிற்றி அனுமதி எடுத்து டேற்றா சேர்த்து லேபிள் பண்ணி வர முதல் வருசம் போயிடும். பப்ளிக் டேற்றாசெற்றில தொடங்கு எண்டு அந்த சேர் சொன்னதில முழுப் பிழை இல்லை, கை பழகவேணுமெல்லோ. 2022ல பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளுகளில மாணவருக்கு ட்ரெயினிங் ரன் பாதியில நிண்டு, இடைக்கிடை செக்பொயின்ற் சேவ் பண்ணி விட்ட இடத்தில இருந்து தொடங்குற பழக்கத்தை அப்பதான் எல்லாரும் உண்மையாப் பழகினவை, உதையும் பயிற்சிக் கணக்கில சேருங்கோ.

ஆனா அக்கா சொன்னதோட நான் ஒத்துப்போறன், ரெண்டு சுப்பவைசர் வேணும், ஒருத்தர் கட்டாயம் கிளினிக்கல். பேருக்குப் போடுற ஆள் இல்லை, மாசத்துக்கு ஒருக்காவாவது மாணவரோட இருந்து படம் பாக்கிற ஆள். அதுக்கு நேரம் ஒதுக்கினதெண்டு அவைக்கும் எங்கயாவது கணக்கில வரவேணும், இல்லாட்டி ஆர் வருவினம்? இங்கிலாந்தில இதைப் பிள்ளையள் தனித்தனியா அலைஞ்சு தேடுறேல்லை. யூசிஎல்லில, கிங்ஸ் கொலிஜ்ஜும் இம்பீரியலும் சேர்ந்து எண்டு டொக்ரரல் ட்ரெயினிங் சென்ரர் வச்சு, நாலு வருசம், ஒரு பற்ச்சா எடுத்து ஒண்டாப் பழக்கினவை. எங்களிட்டை வருசத்துக்கு ஒரு மாணவர் ரெண்டு மாணவர், பற்ச் எண்டு எங்க போறது. மருத்துவபீடம் கொக்குவில்ல, இஞ்சினியரிங் கிளிநொச்சியில, பஸ்ஸில போய் வரவே அரை நாள்.

தும்பி, மாஸ்ரர்ஸ் வழியும் யோசியுங்கோ. எராஸ்மஸ் முண்டஸ்ல மாயா எண்டு ஒண்டு, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மூண்டும் சேர்ந்து இமேஜிங்குக்கெண்டே நடத்தினது, ஸ்கொலசிப்போட. நேர பிஎச்டிக்குக் குதிக்கிறதை விட அப்பிடியானதுகள் அத்திவாரத்துக்கு நல்லது. இந்த வருசம் எடுக்கினமோ எண்டதை அவையின்ர பக்கத்தில பாருங்கோ.

பேராதனைப்_பாலம்:

பார்ட் ரைம் பிஎச்டிக்காரன், கண் படத்தில. ஒரே ஒரு விசயம் சொல்லிட்டு ஓடுறன்.

2016ல கூகிள் ஆக்கள் விழித்திரைப் படத்தில சலரோகப் பாதிப்புக் கண்டுபிடிக்கிறதை ஜாமா எண்ட மருத்துவ ஜேர்னல்ல போட்டவை, ஒன்றே கால் லட்சத்துக்கு மேல படம், 54 கண் டொக்டர்மார் பாத்துக் குடுத்தது, ஸ்கோர் எல்லாம் பிரமாதம். பிறகு தாய்லாந்துக் கிளினிக்குகளில கொண்டுபோய் வச்சவை. அங்க நேர்ஸ்மார் எடுத்த படத்தில ஐஞ்சில ஒண்டை சிஸ்ரம் தரம் காணாது எண்டு திருப்பிவிட்டுட்டுது. அறையை இருட்டாக்க வசதியில்லை, இன்ரநெற் ஸ்லோ, பின்னேரம் வரைக்கும் சனம் காத்திருக்கு. மொடல்ல பிழை எண்டு சொல்ல ஏலாது. கிளினிக் அறை எப்பிடி இருக்கும் எண்டு முதலே போய்ப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எங்கட பக்கத்துக் கிளினிக்குகளை யோசிச்சுப் பாருங்கோ.

இன்னொண்டு, தகவல் தாள். நோயாளியிட்டைச் சம்மதம் எடுக்கிற பேப்பரைத் தமிழ்ல எழுதினாப் போல காணாது, சந்தைக்குப் போற அம்மா ஒராளுக்கு வாசிச்சுக் காட்டி அவ திரும்பச் சொல்லுறாவோ எண்டு பாருங்கோ. எனக்கு என்ர சுப்பவைசர் பழக்கின ஆக உருப்படியான விசயம் அதுதான், எந்தக் கோர்சிலயும் வராது.

தட்டாதெருத்_திண்ணை:

எல்லாம் சரி, உப்பிடி ஆஸ்பத்திரி, எதிக்ஸ், தகவல் தாள் எண்டு திரிஞ்சா எப்பதான் முடிக்கிறது? முப்பத்தஞ்சு வயதிலயோ? வீட்டில கலியாணப் பேச்சு வேற நடக்கும். நான் பகிடிக்குச் சொல்லேல்லை, பெம்பிளைப் பிள்ளையளுக்கு உது உண்மையான பிரச்சினை.

வெள்ளைக்கோட்டு_அக்கா:

தம்பி திண்ணை, நான் ரெண்டு பிள்ளையையும் வச்சுக்கொண்டு எம்டி முடிச்ச ஆள். கலியாணப் பேச்சை அவ பாத்துக்கொள்ளுவா, நீங்கள் உங்கட கொம்பனியைப் பாருங்கோ.

சுண்ணாகம்_பவர்கட்:

😂😂 திண்ணைக்கு இண்டைக்குக் காணும்.

காலத்தைப் பற்றிச் சொன்னது நியாயமான கேள்விதான். ரெண்டையும் சமாந்தரமா ஓட்டலாம். எதிக்ஸுக்குப் போட்டுட்டுக் காத்திருக்கிற நேரத்தில பப்ளிக் டேற்றாவில பிறகு ஒப்பிட ஒரு பேஸ்லைன் மொடல் கட்டலாம், ஆனா பேஸ்லைன் என்என்-யூ-நெற்றா இருக்கட்டும், நீங்களே எழுதின அரைகுறையா இருக்கக்கூடாது. ட்ரெயின் பண்ணுற படங்களையும் ரெஸ்ற் பண்ணுற படங்களையும் பிரிக்கேக்க நோயாளி அளவில பிரியுங்கோ, ஸ்லைஸ் அளவில பிரிச்சா ஒரே ஆளின்ர மூளை ரெண்டு பக்கமும் நிக்கும், 98 வீதம் வந்தது எண்டு துள்ளுவியள், அது பழகின ஆளையே மொடல் திரும்பப் பாத்ததுதான், வேற ஒண்டும் இல்லை. எந்த வைவாவிலயும் நான் முதல் கேக்கிறது இதைத்தான், இப்பவும் பாதிப்பேர் முழிப்பினம்.

மழைக்காலத்_தும்பி:

எல்லாருக்கும் பெரிய நன்றி, நேற்றிரவு முழுக்க இருந்து வாசிச்சன். சேரோட இண்டைக்குக் கதைச்சனான், கிளினிக்கல் சுப்பவைசர் ஒருத்தர் இல்லாமப் பதியமாட்டன் எண்டு சொல்லிட்டன், முதல் முகத்தைச் சுழிச்சவர் பிறகு மருத்துவபீடத்தில ஆரையும் தெரியுமோ எண்டு அவரே யோசிக்கத் தொடங்கிட்டார். மாயாவுக்கும் அப்ளை பண்ணுவன், ரெண்டும் ஓடட்டும்.

அக்கா சொன்ன டெங்கு அல்ட்ராசவுண்ட் மண்டைக்குள்ள நிக்குது. ஒரு கேள்வி அக்கா, படங்களை வெளிய எடுக்கிறதெண்டால் டைகொம் ஹெடர்ல இருக்கிற பெயர், ஐடி, பிறந்த திகதி எல்லாம் அழிச்சாக் காணும்தானே? அதுக்கு ஸ்கிரிப்ற் எழுதிட்டன்.

வெள்ளைக்கோட்டு_அக்கா:

காணாது. அல்ட்ராசவுண்டில கன மெசின் பெயரையும் நம்பரையும் படத்துக்குள்ளயே மேல் மூலையில எழுதிவிடும், அது பிக்சல், ஹெடரை எவ்வளவு அழிச்சாலும் போகாது. மேல்பட்டியை மொத்தமா மறைக்கவேணும், ஆனா மெசினுக்கு மெசின் பட்டி நிக்கிற இடம் வேற, சிலதில கீழயும் இருக்கும், கண்ணால பாத்துத்தான் போகவேணும். தலை எம்ஆர்ஐ எண்டா முகமே திரும்பக் கட்டலாம், அதையும் வெட்டுறவை. 2022ல இலங்கையில தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திட்டுது, சுகாதாரத் தரவு அதில விசேச வகை, எதிக்ஸ் கொமிற்றி கட்டாயம் கேக்கும். ஸ்கிரிப்ற்றை உண்மை நோயாளிப் படத்தில ஓட்டமுதல் என்னட்டைக் கொண்டாங்கோ, பழைய மெசின் ரெண்டில எடுத்த வெறும் பாந்தம் (ஆளுக்குப் பதிலா வைக்கிற சோதனைப் பொருள்) படம் இருக்கு, அதில ஓட்டிப் பாப்பம். வரேக்க பென்ட்றைவ் கொண்டுவரக்கூடாது. 😄

பழைய_எக்ஸ்ரே:

பிள்ளை, அக்கா சொன்னதோட இதையும் பாருங்கோ. சில பேர் மெசின்ல பெயருக்குப் பதிலா வார்ட் நம்பரும் கட்டில் நம்பரும் அடிச்சுப்போட்டு விடுவினம், நோயாளி பெயரை வேற ஒரு கட்டத்தில கொமென்ற் மாதிரி எழுதுவினம். அந்தக் கட்டம் உங்கட ஸ்கிரிப்ற்றுக்குத் தெரிஞ்சிருக்காது.